வேனிலும் வினையும்



'ஏற்காட்டில் இளவேனில்' என்னும் பொருளில் உரையாற்றுமாறு விழாக்குழுவினர் என்னைப் பணித்தனர். மலரையும் மணத்தையும் குயிலையும் பற்றிக் கேட்கலாம் என்று நீங்கள் வந்திருக்கக்கூடும். அவற்றை நம் கவிஞர்கள் நன்றாகவே பாடியிருக்கிறார்கள். அவர்கள் பாடாது விட்ட ஒன்றை, வேனிற் காலத்து வேலையையும் அவ்வேலைக்குரிய கருவிகளைச் சீர்செய்வதையும், இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

தொல்காப்பியர் கருப்பொருளை வகுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவற்றை ஒரே வரிசையில் வைத்தார். தொழிலைக் குறிக்க அவர் ஆண்ட சொல் 'செய்தி'. மரமும் பறவையும் ஒரு நிலத்திற்கு எவ்வளவு உரியனவோ, அந்நிலத்து மக்கள் செய்யும் தொழிலும் அவ்வளவு உரியது என்பது அவர் கொள்கை. நம் மலைக் கவிதைகளில் மரம் இருக்கிறது, பறவை இருக்கிறது, பனி மிகுதியாகவே இருக்கிறது. செய்தியைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

சேர்வராயன் மலையின் செய்திகளுள் முதன்மையானது காப்பி. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில் இச்செடி இங்கே வேரூன்றியது. தொல்காப்பியர் அறியாத பயிர்தான். எனினும் இருநூறு ஆண்டுகளாக ஒரு மலையின் ஊணையும் உறக்கத்தையும் ஆட்டிவைக்கும் பயிர், அம்மலையின் கருப்பொருள் ஆகாமல் வேறென்னவாகும்?

நூல் வழக்கின்படி மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். காப்பித் தோட்டத்தின் வேனில் இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் தொடங்குகிறது. கணுக்களில் மொட்டுகள் இறுகிக் கிடக்கும். ஓரங்குல மழையாவது பெய்தால், பத்து நாளளவில் மலைச்சரிவு முழுதும் வெண்மை பூத்து மல்லிகைபோல் மணக்கும். இரண்டு மூன்று நாளில் அந்தக் காட்சி முடிந்துவிடும். நாம் கவிதை எழுதுவது அந்த மூன்று நாளைப் பற்றித்தான். அதற்கு முன்னும் பின்னும் உள்ள நாட்களில்தான் ஓர் ஆண்டின் வாழ்வு தீர்மானமாகிறது. மழை போதாமல் தூறி நின்றுவிட்டால், மொட்டு பாதி விழித்து, முழுதும் விரியாமல் வீணாகும். பூத்தபின் மூன்று வாரங்களுக்குள் மற்றொரு மழை வந்தால்தான் பிஞ்சு நன்கு நிலைக்கும்.

வானத்தை மட்டும் நம்பியிருக்க இயலாதவர்கள் கருவியை நாடுகிறார்கள். குட்டையும் கிணறும் உள்ள தோட்டங்களில் டீசல் எஞ்சினும் பம்பும் தெளிப்பு நீர்க் குழாய்களும் மாசியிலேயே வெளியே வருகின்றன. பல மாதம் சும்மா கிடந்த எஞ்சினில் என்னென்ன கேடு இருக்கும் என்பதைத் தோட்டத்தார் நன்கறிவர். டீசல் வடிகட்டியில் கசடு படிந்திருக்கும். குழாயில் காற்று புகுந்து எண்ணெய் ஏறாமல் நிற்கும். நாசிலின் நுண்துளை அடைத்திருக்கும். ஃபுட் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கும். அன்றி, மூடாமல் நீரைக் கீழே விட்டுவிடும். குழாய் இணைப்புகளின் ரப்பர் வாஷர்கள் காய்ந்து வெடித்திருக்கும். இவற்றுள் ஒன்றைக் கவனியாது விட்டு, பாதித் தோட்டம் நனைந்த நிலையில் எஞ்சின் நின்றுபோனால், போதாத மழை செய்யும் கேட்டையே அந்த எஞ்சினும் செய்துவிடும்.

எஞ்சினைத் தவிர வேறு வேலைகளும் உண்டு. அறுவடை முடிந்ததும் கவாத்து. பருவமழைக்கு முன் நிழல் மரங்களின் கிளை கழித்தல். வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு ஏப்ரல், மே மாதங்களில் பட்டை வெடிப்புகளில் முட்டையிடும். ஆதலின் அதற்குமுன் அடித்தண்டைத் தேய்த்து, தளர்ந்த பட்டையை நீக்க வேண்டும். ஒவ்வொரு செடியின் முன்னும் குனிந்து இதைச் செய்யும் கைகளுள் பெண்களின் கைகளும் உண்டு. பழத்தின் தோலை நீக்கும் பல்பரையும் ஓய்வுக் காலத்திலேயே பிரித்துப் பார்க்க வேண்டும். அதன் உருளையைச் சுற்றிய செப்புத் தகட்டின் புடைப்புகள் தேய்ந்திருக்கும். இடைவெளி அதிகமானால் தோல் நீங்காமல் பழம் வெளியேறும். குறைந்தால் கொட்டை வெட்டுப்படும். கார்த்திகையில் பழம் சிவந்து குவியும்போது இதைக் கவனிக்க நேரம் இராது.

இவையெல்லாம் கவிதைக்கு ஆகுமா என்று சிலர் ஐயுறலாம். நம் முன்னோர்க்கு அந்த ஐயம் இருந்ததில்லை. நம் மலைக்கு அயலதான தகடூரை ஆண்ட அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றார். அவன் காட்டிய படைக்கலங்கள் பீலியும் மாலையும் அணிந்து, நெய் பூசப்பெற்றுக் காவலில் இருந்தன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து, எப்போதும் கொல்லன் பட்டறையில் கிடப்பன என்றார் ஔவையார். புறநானூற்றின் 95ஆம் பாடலில் பழுதுபார்க்கும் கொட்டிலே ஒரு மன்னனின் பெருமைக்குச் சான்றாகிறது. உழைத்த கருவியே பட்டறைக்கு வரும் என்பது அப்புலவருக்குத் தெரிந்திருந்தது.

குறுந்தொகையின் 172ஆம் பாடலில் கச்சிப்பேட்டு நன்னாகையார் மற்றோர் உலைக்களத்தைக் காட்டுகிறார். ஏழு ஊர்களின் பொது வேலைக்காக ஓர் ஊரில் அமைத்த துருத்திபோல, ஓய்வின்றி வருந்துகிறது தலைவியின் நெஞ்சம். பங்குனி மாதத்தில் நம் மலையூர்களுக்கிடையே கருவிப் பையுடன் அலையும் மெக்கானிக்கை நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் எஞ்சினைப் பூட்டி முடிக்குமுன் அடுத்த ஊரிலிருந்து அழைப்பு வந்துவிடும். ஏழூர்த் துருத்தி இன்றும் இம்மலையில் ஊதிக்கொண்டுதான் இருக்கிறது. அதைக் காணும் நன்னாகையாரைத்தான் காணோம்.

இது மலைநாட்டுக்கு மட்டும் உரிய செய்தியும் அன்று. 1980களிலிருந்து இலங்கைத் தமிழர் பலர் நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில் மீன் பதனிடும் ஆலைகளில் வேலை செய்து வாழ்ந்தனர். அத்தகைய வடபுலத்தில் இளவேனில் என்பது உறைபனி உருகும் காலம். பனியகற்றும் இயந்திரத்தில் எஞ்சிய எரிபொருளை வடித்துவிட வேண்டும். நெடுநாள் தங்கினால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். காரின் ஆணி பதித்த டயர்களை ஏப்ரல் 30க்குள் கழற்ற வேண்டும் என்பது அப்பகுதியின் பொது விதி. நம் நூல்களின் முன்பனியும் பின்பனியும் புல்நுனித் துளியைச் சுட்டியவை. அதே சொல்லால் முழங்காலளவு வெண்குவியலையும் சுட்ட வேண்டியவர் ஆயினர் புலம்பெயர்ந்தோர். எஸ்.பொ.வும் இந்திரா பார்த்தசாரதியும் 1994இல் அவர்தம் சிறுகதைகளைத் தொகுத்தபோது 'பனியும் பனையும்' என்று பெயரிட்டனர். புதிய நிலம் ஒருவருக்கு உரியதாவது, அந்நிலத்தின் பருவவேலை அவர் கைக்குப் பழகும்போதுதான் என்று எண்ணுகிறேன்.

கருவிகளின் பெயர்களை அடுக்கினால் கவிதையாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. துருத்தியை விளக்குவதற்காக நன்னாகையார் பாடவில்லை. ஒரு நெஞ்சின் வருத்தத்தை அளப்பதற்குத் துருத்தி அவருக்குப் பயன்பட்டது. ஆனால் அது எவ்வாறு இயங்குகிறது, யாருக்காக இயங்குகிறது என்று அறிந்திராவிட்டால் அந்த உவமை அவருக்குக் கிடைத்திராது. தூறலில் பாதி விழித்து வீணான மொட்டு, கொட்டையை வெட்டாமல் தோலை மட்டும் நீக்கும் நுட்ப இடைவெளி, ஓசையைக் கேட்டே எஞ்சினின் நோயறியும் செவி ஆகிய இவை நம் மலை நமக்கெனச் சேர்த்து வைத்திருக்கும் உவமைகள்.

ஆகவே நம் இலக்கிய வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பத்தாண்டின் முதற்பணியாக இம்மலையின் தொழிற்சொற்களைத் தொகுப்போம். கவாத்துக் கத்தி பிடிப்பவர், பட்டை தேய்ப்பவர், எஞ்சின் பழுதுபார்ப்பவர் ஆகியோரிடம் சென்று கேட்போம். முதியோர் மறையுமுன், பழைய இயந்திரங்கள் எடைக்குப் போகுமுன் கேட்போம். நம் கவியரங்குகளுக்கு அவர்களையும் அழைத்து முன்வரிசையில் அமர்த்துவோம். தம் வேலையை நாம் தவறாகப் பாடினால் திருத்தும் உரிமை அவர்களுக்கு உண்டு.

வைகாசியில் சேர்வராயன் கோயில் விழாவுக்கு மலைமக்கள் திரளும்போது பெய்த மழையைப் பற்றியும் பெய்யாத மழையைப் பற்றியும் பேச்சு எழும். அப்பேச்சில் கலந்துகொள்ளத் தெரிந்த கவிதை நமக்கு வேண்டும்.