நடுவயதில் முப்போட்டி

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதனொருவனை மேடையேற்றினால் அவன் சிலம்பின் நயமோ கம்பன் பெருமையோ பேசுவான் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நம் செயலாளர் அவர்களோ, "அவற்றை ஆண்டுதோறும் கேட்டு வருகின்றோம், இவ்வாண்டு தாங்கள் கடலில் இறங்கிய கதையைச் சொல்லுங்கள்" என்று பணித்துவிட்டார். ஆதலின், 46 வயது நிறைந்த யான் சென்ற மாசித் திங்களில், நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் என்னும் மூன்றையும் இடைவிடாது ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கவேண்டிய 'டிரையத்லான்' என்னும் போட்டியில் முதன்முறை கலந்துகொண்ட செய்தியை உங்கள்முன் வைக்கின்றேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம்; பண்டிதன் வழக்கம் எளிதில் விடுமோ? கிரேக்க மொழியில் 'ட்ரை' என்பது மூன்று. 'ஆத்லோன்' என்பது போட்டி. வேர் பழையதாயினும் விளையாட்டு மிக இளையது. பிரான்சு நாட்டில் 1920-களிலேயே மூன்று விளையாட்டுக்களை இணைத்துப் போட்டிகள் நடந்ததுண்டு. எனினும் இக்காலத்து டிரையத்லான், 1974-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் அமெரிக்க நாட்டுச் சான் டியேகோ நகரின் மிஷன் விரிகுடாவில் 46 பேர் கூடியதினின்றே தொடங்கிற்று. 1978-இல் ஹவாய்த் தீவுகளில், ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் மிதிவண்டியூர்ந்து, அதன்மேலும் 42 கிலோமீட்டர் ஓடும் கொடும்போட்டி பிறந்தது. அன்று புறப்பட்டோர் 15 பேர். முடித்தோர் 12 பேர். 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம்பெற்றது. யான் இதற்கு 'முப்போட்டி' என்று பெயரிட்டேன். மாணாக்கர் கேட்டு நகைத்தனர், யான் விட்டேனில்லை.

யான் கலந்துகொண்டது சிறிய வகை: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் மிதிவண்டி, 5 கிலோமீட்டர் ஓட்டம். ஹவாய்க் கணக்கைக் கேட்டபின் இது சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றும். எனக்கு அவ்வாறில்லை.

எந்தையார் தமது 48-ஆம் யாண்டில் ஒரு விடியற்காலையில் மாரடைப்பால் காலமானார். அவர்க்கு ஒரு நோயும் இருந்ததாக எவரும் அறிந்திலர். யான் அப்போது புலவர் வகுப்பு மாணவன். ஆண்டுகள் சென்றன. 9 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பள்ளிக்கு மிதிவண்டியிற் சென்றுகொண்டிருந்த யான் ஸ்கூட்டர் வாங்கினேன். எடை 86 கிலோவாயிற்று. குருதியிற் சர்க்கரையும் ஏறிற்று. மருத்துவர் தாளைப் பார்த்தவாறே, "தங்கள் தந்தையார்க்கு எத்தனை வயது?" என்றார். அக்கேள்விக்கு விடை சொல்ல என் நா எழவில்லை.

அவ்வாண்டிலேதான் என் பழைய மாணாக்கன் ஒருவன், 24 வயதினன், இப்போட்டியைப் பற்றிச் சொன்னான். என் மனைவியார், "இதயத்துக்கு அஞ்சுபவர் இதயத்தையே பந்தயம் வைப்பதா?" என்றார். அவர் அச்சம் வீணன்று. அமெரிக்க நாட்டில் 2006 முதல் 2008 வரை நிகழ்ந்த இத்தகைய போட்டிகளை ஆராய்ந்த மருத்துவர்கள் 14 மரணங்களைக் கண்டனர். அவற்றுள் 13 நீச்சலின்போது நேர்ந்தவை. ஆதலின் இதய மின்வரைபடம், டிரெட்மில் பரிசோதனை இரண்டும் செய்து, மருத்துவர் இசைந்த பின்னரே தொடங்கினேன். இங்கு அமர்ந்திருக்கும் என் வயதினர் இச்செலவிற் சிக்கனம் பாராட்டலாகாது.

நீந்த யான் அறிவேன் என்றே எண்ணியிருந்தேன். எட்டு வயதில் எங்கள் ஊர்க் கிணற்றில், முதுகிற் சுரைக்குடுக்கை கட்டி, எந்தையாரே கற்பித்தார். ஆயினும் நீச்சற்குளத்தில் 50 மீட்டர் செல்வதற்குள் மூச்சு முட்டிற்று. தலையை நீர்க்குமேல் தூக்கியே நீந்துவது கிணற்றுப் பழக்கம். தலை எழக் கால் தாழும். கால் தாழ உடல் நீரை உழும். "ஐயா, மூச்சை நீருக்குள்ளேயே விட்டுவிடுங்கள். வெளியே வந்தால் வாங்குவதற்கு மட்டுந்தான் நேரம்" என்றான் மாணாக்கன். முன்னொருகால் சந்திப் பிழைக்காக ஒரே தொடரை அவனை நூறுமுறை எழுதச் செய்தவன் யான். அவன் அக்கணக்கை மறந்தவனல்லன். என்னை நூறுமுறைக்கு மேலும் திரும்ப நீந்தச் செய்தான். ஒன்பது மாதம் இவ்வாறு கழிந்தது. குறுங்கால்சட்டையுடன் வீதியில் ஓடும் தமிழாசிரியனைக் கண்டு தெருவார் சிரித்ததைப் பற்றி ஒன்றும் சொல்லேன். மூன்றாம் மாதத்தில் அவர்க்கே சலித்துவிட்டது.

போட்டி சென்னைக்குத் தெற்கே ஒரு கடற்கரையில் நடந்தது. கிழக்கு நோக்கி நீந்த வேண்டியிருந்தமையின், எழுகின்ற கதிரவன் கண்ணிற் பாய்ந்து, திரும்பவேண்டிய மிதவை தெரியவில்லை. நாற்புறமும் கையும் காலும் மோதின. கிணற்றுக்குச் சுவருண்டு, குளத்துக்குத் தரை தெரியும், கடலுக்கு இரண்டுமில்லை. ஏறத்தாழ 200 மீட்டரில் நெஞ்சு படபடத்தது. மூச்சு உள்ளே போக மறுத்தது. எந்தையார் உயிர் நீங்கிய நேரத்தில் இப்படித்தான் இருந்திருக்குமோ என்ற எண்ணமே வந்தது; வேறொன்றும் வரவில்லை. காவற்படகைப் பற்றிக்கொண்டேன். போட்டி முடிந்துவிட்டதென்று நாணினேன். படகிலிருந்த இளைஞர், "பிடித்துக்கொள்ளலாம், சார், படகைக்கொண்டு முன்னேறத்தான் கூடாது. இளைப்பாறிவிட்டுப் போங்கள்" என்றார். விதியே அப்படித்தான் என்பதைப் பின்னர்ச் சரிபார்த்தேன். எவ்வகை நீச்சலும் செல்லும், மிதப்பதும் குற்றமன்று.

படகை விட்டு மல்லாந்து மிதந்தேன். கிணற்றில் எந்தையார் முதலிற் கற்பித்தது அதுவே. பிடரியின்கீழ்த் தம் உள்ளங்கையை வைத்திருந்து, யான் அறியாமலே எடுத்துவிடுவார். வானம் வெளுத்திருந்தது. மூச்சு மெல்ல மீண்டது. பாதி மல்லாந்தும் பாதி குப்புறவுமாக 31 நிமிடத்திற் கரையேறினேன்.

மிதிவண்டிக்கு வருவோம். தலைக்கவசத்தின் வாரைப் பூட்டிய பின்னரே வண்டியை நிலையினின்று எடுக்க வேண்டும் என்பது விதி. நனைந்த விரல் நடுங்க அவ்வாரைப் பூட்டுவதிலேயே பெரும்பொழுது கழிந்தது. 20 கிலோமீட்டரும் பள்ளிக்குப் போன பழைய கால்கள் தாமே பார்த்துக்கொண்டன.

இறங்கி ஓடத் தொடங்கியபோதுதான் புதுமை! காலிரண்டும் என்னுடையனவல்ல, யாரிடமோ இரவல் வாங்கியவைபோல இருந்தன. நெடுநேரம் வட்டமிட்ட தசைகள் உடனே ஓட்டத்துக்குப் பழகா. நடந்தும் ஓடியும் 43 நிமிடம். எல்லாங் கூட்ட 2 மணி 19 நிமிடம். எனக்குப் பின்னே நால்வர் வந்தனர். அவருள் ஒருவர் எழுபதைக் கடந்தவர் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. 1930-இற் பிறந்த மடோனா பியூடர் என்னும் அமெரிக்கக் கன்னிகை, 48-ஆம் வயதில் ஓடத் தொடங்கி, 2012-இல் 82-ஆம் வயதில் அந்நெடும்போட்டியையே கனடாவில் முடித்தார் என்பதையும் பின்னர்ப் படித்தேன். படித்தபின் என் பதக்கத்தைப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

வீடு திரும்பியதும் படகைப் பற்றிய செய்தியை என் அன்னையாரிடம் மறைத்தேன். அவர் உப்புப் படிந்த என் தலையைத் தடவிப் பார்த்து, "நன்றாகத் துவட்டினாயா?" என்று மட்டும் கேட்டார். இன்று இந்த அவையில் முதல் வரிசையில் அமர்ந்து அவர் அனைத்தையும் கேட்டுவிட்டார்.

அடுத்த மாசியிலும் அப்போட்டி உண்டு. அப்போது எனக்கு 48-ஆம் யாண்டு நடக்கும். பெயர் கொடுத்துவிட்டேன். என் மனைவியார் இன்னும் இசையவில்லை.