கொம்பும் காலும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



தூத்துக்குடியில் வளர்ந்தவங்களுக்குப் புயல் கூண்டு தெரியும். துறைமுகத்தில் ஏற்றிவிட்டால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. கம்ப்யூட்டர் திரையில் வரும் எச்சரிக்கை அப்படியல்ல என்பதை ஒரு சங்குகுளி அண்ணாச்சியிடம் கற்றுக்கொண்டேன்.

மீனவர்களுக்காக ஒரு சின்ன இணையப் பக்கம் செய்து பார்த்தோம். வானிலைச் செய்தியில் "கொந்தளிப்பு" என்ற சொல் வந்தால், மேலே உள்ள "கடல் அமைதி" என்ற வரியை ஜாவாஸ்கிரிப்ட் நிரல் "கடலுக்குப் போக வேண்டாம்" என்று மாற்ற வேண்டும். வெள்ளோட்டத்தில் அண்ணாச்சி பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கீழ கொந்தளிப்புன்னு போட்டிருக்கு, மேல அமைதின்னு நிக்குதே?" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

பக்கம் முழுதாக வருமுன்பே நிரல் ஓடிவிட்டதோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். இல்லை. மாற்ற வேண்டிய வரி நிரலுக்குக் கிடைத்தது, செய்தியும் வந்தது. "இந்தச் சொல் அதில் உண்டா?" என்ற கேள்விக்கு மட்டும் "இல்லை" என்றே பதில். கடைசியில் இரண்டு சொற்களின் நீளத்தையும் எண்ணச் சொன்னேன். நிரலில் இருந்தது 11. செய்தியில் இருந்தது 12!

நம் கணக்கில் அது 6 எழுத்துதான். ஆனால் யூனிகோடில் மெய்க்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனி எண்கள். "கொ"வை இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒரே ஒகரக்குறி, அல்லது ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்று. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய உரையில் இரண்டாவது வகை வருவதுண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. 2015 பதிப்பில் ஜாவாஸ்கிரிப்டில் சேர்ந்த "நார்மலைஸ்" கட்டளை இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். செய்திக்கும் தேடும் சொல்லுக்கும் அதைப் போட்டேன், வரி மாறியது.

ஆனால் பெரிய தப்பு அதுவல்ல. சொல் கிடைக்காவிட்டால் கடல் அமைதி என்று நானே முடிவு கட்டியிருந்தேனே, அதுதான் தப்பு. இப்போது எச்சரிக்கையோ அமைதியோ தெளிவாகக் கிடைக்காவிட்டால், "செய்தியை முழுதாகப் படிக்கவும்" என்றே வரி நிற்கும்.

தம்பி, தங்கைகளே! நிரல் பிழை காட்டாமல் ஓடினால் சரியாக ஓடுகிறது என்று நம்பிவிடாதீர்கள். எழுதியதை, கடலுக்குப் போகிறவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.