குகையில் வாழும் மரவட்டை

போர்டிக்சன் வட்டாரத் தோட்டங்களில் மழை ஓய்ந்ததும், லயத்து வாசலிலும் பால்மரத்தடியிலும் மரவட்டை ஊர்வதை நாம் காண்கிறோம். மலாய்க்கார அண்டை வீட்டார் அதைக் கொங்கோக் என்பர். அதன் உறவினங்கள் சில, வெளிச்சமே படாத குகைகளில் வாழ்கின்றன. அவற்றைப் பற்றி இன்று அறிந்துகொள்வோம்.

முதலில் ஓர் ஐயம். பூரானும் மரவட்டையும் ஒன்றா? அல்ல. பூரானுக்குக் கணுவுக்கு ஒரு சோடிக் கால்; அது கடிக்கும், விஷமும் உண்டு. மரவட்டைக்குப் பெரும்பாலான வளையங்களில் இரண்டு சோடிக் கால், அது கடிக்காது. மக்கிய இலையைத் தின்று மண்ணுக்கு உரமாக்கும். ஆனால் நசுக்கினால் எரிச்சலூட்டும் நீரைக் கசியவிடும். ஆகையால் பிள்ளைகள் அதைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கக் கூடாது. கண்ணில் பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரில் கழுவி, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இனி குகைக்குச் செல்வோம். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் 272 படிகள் ஏறுகிறோம் அல்லவா? வழியில் இடப்பக்கம் இருட்குகை இருக்கிறது. அதன் உட்புறத்தில் புல் பூண்டு முளைக்காது. பின் அங்குள்ள உயிர்களுக்கு உணவு ஏது? வௌவால்கள் வெளியே போய் இரை தேடித் திரும்பி, குகைக்குள் எச்சமிடுகின்றன. அந்த எச்சத்தை நம்பியே பூஞ்சணமும் கரப்பானும் மரவட்டையும் பிழைக்கின்றன. தென்கிழக்காசியக் குகைகளில் இப்படி எச்சக் குவியல்மேல் மிகுதியாக வாழ்பவை கம்பலாப்சிடே என்னும் குடும்பத்து மெல்லிய மரவட்டைகள். தலைமுறை தலைமுறையாக இருளிலேயே வாழ்ந்த இனங்கள் பலவற்றுக்கு நிறம் வெளுத்து, கண் மறைந்து, காலும் உணர்கொம்பும் நீண்டுவிட்டன.

உலகில் சுமார் 12,000 மரவட்டை இனங்களுக்குப் பெயரிட்டுள்ளார்கள். ஒன்றுபோல் தோன்றுபவற்றை எப்படிப் பிரிக்கிறார்கள்? பெரும்பாலானவற்றில் ஆணின் ஏழாம் வளையத்துக் கால்கள் இனப்பெருக்கத்துக்கென வடிவம் மாறியிருக்கும். பூட்டுக்குப் பூட்டு சாவி வேறுபடுவதுபோல் அது இனத்துக்கு இனம் வேறுபடும். உருப்பெருக்கியில் அதைப் பார்த்தே இனத்தைக் கண்டறிகிறார்கள்.

குஞ்சு பொதுவாக மூன்று சோடிக் கால்களுடன் பிறக்கிறது. சட்டை உரிக்க உரிக்க வளையமும் காலும் கூடும். மேற்கு ஆஸ்திரேலியாவில் பூமிக்கடியில் 60 மீட்டர் வரையிலான ஆழத்தில் கிடைத்து, 2021-இல் பெயரிடப்பட்ட ஓர் இனத்துக்குக் கண்ணே இல்லை, அகலம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, கால்களோ 1,306!

குகை உயிர்களில் பல ஒரே குன்றில் மட்டும் வாழ்பவை. அந்தக் குன்று போனால் இனமும் போய்விடும். பகாங்கில் புக்கிட் பஞ்சிங் என்ற சுண்ணாம்புக் குன்றைக் கல்லுக்காக உடைத்தார்கள். அங்கு மட்டுமே வாழ்ந்த ஒரு சிறு நத்தை இனம் பூண்டோடு அழிந்தது.

இதனால் நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். பத்துமலைக் குகையில் தங்கும் தேன் உண்ணும் வௌவால்களே டுரியான், பெத்தாய் மரங்களின் பூக்களுக்கு மகரந்தம் சேர்க்கின்றன. குகை கெட்டால் வௌவால் போகும். வௌவால் போனால் மரவட்டைக்குச் சோறில்லை, நமக்கும் டுரியான் குறையும். ஆகவே குகைக்குப் போகும்போது குப்பை போடாமல், வௌவாலைக் கலைக்காமல் வருவோம். வாசலில் ஊரும் மரவட்டையையும் மிதிக்காமல், ஓர் ஈர்க்குச்சியால் தள்ளிவிடுவோம்.