நட்டதெல்லாம் நட்டமா?

இண்டைக்கு ஒரு குற்ற ஒப்புதலோட தொடங்கிறன்.

நான் வேலை செய்யிற கொம்பனியில வருஷத்துக்கு ஒருக்கா கண்டல் நடப் போவம். கொழும்பில இருந்து விடிய பஸ், எல்லாருக்கும் ஒரே நிற ரீசேர்ட், களப்புக் கரையில முழங்கால் அளவு சேறு. ஆளுக்குப் பத்து நாற்று. ஃபோட்டோ எடுப்பம், சோத்துப் பார்சல் சாப்பிடுவம், திரும்பி வருவம். மொத்தம் எத்தனை நட்டிருக்கிறம் எண்டு காட்ட ஒரு டாஷ்போர்ட் கேட்டவை. அதை எழுதினது நான்தான். நடுவில பெரிய பச்சை இலக்கம். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அது கூடும். குறையிறதுக்கு நான் வழியே வைக்கேல்ல.

ஒண்டரை வருஷத்துக்குப் பிறகு சிநேகிதர்களோட அந்தப் பக்கம் போகேக்க, "நான் நட்ட மரத்தைக் காட்டுறன் வாங்கோ" எண்டு பெருமையா இறக்கினன். அங்க தண்ணிக்குள்ள வெறும் குச்சிகள். ஒரு இலை இல்லை. குச்சி முழுக்கச் சுண்ணாம்பு பூசினமாதிரி பார்ணக்கிள் ஒட்டியிருந்தது. வலை காயப்போட்டுக்கொண்டு இருந்த ஒரு ஐயா சொன்னார்: "தம்பி, இது எப்பவும் தண்ணி நிக்கிற இடம். இதுக்க கண்டல் வராது. எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பம்."

வீட்ட வந்து தேடினன். ருஹுணுப் பல்கலைக்கழகத்தின் சுனந்த கொடிகார குழுவினர் 2017இல் ஒரு ஆய்வு வெளியிட்டிருக்கினம். இலங்கையில கண்டல் நட்ட 23 இடங்களைப் போய்ப் பார்த்திருக்கினம். 9 இடங்களில ஒரு கன்று கூட மிஞ்சேல்ல. பாதிக்கு மேல தப்பினது கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு எண்ட மூண்டு இடங்களில மட்டும்தான். நட்ட பரப்பு 1,000 தொடக்கம் 1,200 ஹெக்டேயர். உருப்பட்டது 200 சொச்சம். சுனாமிக்குப் பிறகு எவ்வளவு பேர் எவ்வளவு நல்ல மனசோட நட்டவை எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

ஏன் சாகுது? கண்டல் உப்புத்தண்ணியில வாழும், ஆனால் எப்பவும் மூழ்கிக் கிடக்க அதால ஏலாது. வேர் காத்தெடுக்கிறதுக்குத் தண்ணி வற்றிப் போற நேரம் வேணும். எங்கட தீவைச் சுத்தி வற்றுப்பெருக்கின் வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. அதுக்குள்ள கண்டலுக்குச் சரியான மட்டம் ஒரு ஒடுங்கின பட்டி. கொஞ்சம் பள்ளமா நட்டால் மூச்சு முட்டும், கொஞ்சம் மேட்டில நட்டால் காயும். அதோட ஆடு மாடு மிதிக்கும், பாசி சுத்தும். நட்ட பிறகு ஆர் போய்ப் பராமரிச்சவையோ, அவையின்ர இடங்களிலதான் கன்று தப்பியிருக்கு எண்டும் அந்த ஆய்வு சொல்லுது. எங்கட பாஷையில சொன்னால், புரொடக்ஷனுக்கு அனுப்பிப்போட்டு ஒருத்தரும் லொக்கைப் பார்க்கேல்ல.

இதில இன்னொரு விசயம் இருக்கு. இலங்கையில இருபதுக்கு மேற்பட்ட கண்டல் இனங்கள் இருக்கு. ஆனால் நாங்கள் நடுறது அநேகமா ஒண்டுதான், ரைசோஃபோரா. ஏனெண்டால் அதின்ர விதை மரத்திலேயே முளைச்சு, நீளமா முருங்கைக்காய் மாதிரித் தொங்கும். எடுத்துச் சேத்தில குத்தினால் சரி. ஒரு பஸ் ஆக்களுக்கு வசதியான செடி அது.

வசதி இல்லாத செடிக்கு என்ன நடக்குது? லம்னிட்செரா லிட்டோரியா எண்டு ஒண்டு இருக்கு. சிவப்புப் பூ, சின்னக் காய். காலி வீதியில பலப்பிட்டியவில மாது கங்கை போட் சவாரி போயிருப்பீங்கள். அந்தச் சுற்றாடல்லதான் அது மிஞ்சியிருக்கு. உலகக் கணக்கில அதுக்கு ஆபத்தில்லை, தென்கிழக்காசியாவில நல்லா இருக்கு. ஆனால் இலங்கையின்ர சிவப்புப் பட்டியல்ல அது அழிவின் விளிம்பில. தீவு எண்டால் இதுதான் சிக்கல். அந்த ஒரு ஆற்றுமுகம் போனால், பக்கத்து மாவட்டத்தில இருந்து விதை கொண்டுவர ஏலாது. கடலுக்கு அங்கால போகவேணும். இப்பிடி ஒரு செடிக்குப் பத்தாயிரம் ரைசோஃபோரா ஈடாகாது. என்ர பச்சை இலக்கத்துக்கு ஆனால் இரண்டும் ஒண்டுதான்.

சரி, நல்ல செய்தியும் இருக்கு. புத்தளம் மாவட்டத்தில ஆனைவிழுந்தாவ எண்ட ராம்சார் ஈரநிலம். அங்க இறால் பண்ணைக்காகக் கண்டலை வெட்டி, பிறகு நோய் வந்து கைவிட்ட குளங்கள் கிடக்கு. வரம்பு கட்டினதால கடல்தண்ணி வந்து போக வழியில்லை, மண்ணில உப்பு ஏறிப்போச்சு. அங்க முதல்ல பார்க்கிறது தண்ணியை. வரம்பை வெட்டி, வாய்க்கால் திறந்து, வற்றுப்பெருக்கு உள்ள வர விட்டால், தண்ணியே விதையையும் கொண்டு வரும். எந்த இடத்தில எது நிக்கவேணும் எண்டதைச் செடிகளே தீர்மானிக்கும். விதை வந்து சேராத இடத்திலதான் நாற்றுக்கு வேலை. இலங்கையின்ர கண்டல் மீளுருவாக்க முயற்சியை 2024இல ஐ.நா. உலகத்துக்கு முன்மாதிரியான ஏழு திட்டங்களில ஒண்டாத் தெரிவு செய்தது.

இப்ப என்ர கதைக்கு வாறன். டாஷ்போர்ட்ல இரண்டு கொலம் சேர்த்து எழுதி வச்சிருக்கிறன்: ஒரு வருஷத்துக்குப் பிறகு உயிரோட இருக்கிறது எத்தனை, எத்தனை இனம். டீம்ல ஒருத்தன் பார்த்துப்போட்டு, "மச்சான், குறையிற நம்பரை ஆர் வெளியில காட்டுவினம்?" எண்டான். அவன் சொல்லுறது நியாயம்தான், எங்கட முதல் களப்புக்கு அதில வரப்போறது சைபர். அடுத்த மாசம் மீட்டிங். அந்தக் கொலம் இல்லாட்டி இந்த முறை நான் பஸ்ஸில ஏறமாட்டன் எண்டு சொல்லப் போறன்.

உங்களையும் ஆராவது கூப்பிட்டால், போகாதேங்கோ எண்டு நான் சொல்லேல்ல. மூண்டு கேள்வி மட்டும் கேளுங்கோ. இங்க முந்திக் கண்டல் இருந்ததா? ஏன் இல்லாமல் போனது? அடுத்த வருஷம் ஆர் வந்து எண்ணப் போறது? பதில் இல்லாட்டி, அந்தக் கரையில வலை காயப்போடுற ஐயாவைத் தேடிப் போய்க் கேளுங்கோ.

அடுத்த எபிசோட்ல சந்திப்பம்.