தலைக்கு எவ்வளவு?

பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையைத் தாண்டி வனாத்தமுல்லைப் பக்கம் போனால், மாடிவீட்டுத் தொகுதிகளில் அடிக்கடி காதில் விழும் பெயர் அஸ்வெசும. சமுர்த்தி உதவிப்பணத்தின் இடத்துக்கு 2023 ஜூலையில் வந்த அரச உதவித் திட்டம் அது. 22 அளவுகோல்களை வைத்துக் குடும்பத்தை எடைபோட்டு, பணத்தை நேரே வங்கிக் கணக்கில் போடுகிறார்கள். மிக வறிய குடும்பத்துக்கு முதலில் மாதம் 15,000 ரூபாய். 2025 ஜனவரியிலிருந்து 17,500.

கூட்டியது நல்லதுதான். ஆனால் வீட்டுக்குத்தான் கணக்கு, பிள்ளைக்கு இல்லை. தாய், தகப்பன், ஒரு பிள்ளை என்றால் தலைக்கு 5,800 சொச்சம். நாலு பிள்ளைகள் என்றால் 2,900தான். சப்பாத்தும் பஸ் காசும் பிள்ளைக்குப் பிள்ளை தனிச்செலவல்லவா? தொகை சொற்பமானாலும் பழைய சமுர்த்தி வீட்டில் ஆட்களை எண்ணித்தான் கொடுத்தது. 2015 திருத்தத்தில் நாலு பேரும் அதற்கு மேலும் உள்ள வீட்டுக்கு 3,500 ரூபாய்.

2025இல் அஸ்வெசும வீட்டு மாணவருக்குத் தலா 6,000 ரூபாய், கொப்பி புத்தகம் வாங்க. அதுதான் சரியான திசை. ஆனால் அது மாதாந்தக் காசில்லை. பிரேசிலின் பொல்சா ஃபமிலியா உதவித் திட்டத்தில் 2023இலிருந்து ஆறு வயதுவரை ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதம் 150 ரியால் மேலதிகம். இங்கேயும் எந்த வீட்டில் எத்தனை பிள்ளை என்பது கிராம சேவகரின் பதிவில் ஏற்கெனவே இருக்கிறது.