பாரம் தாங்கும் வளையம்

(மருத்துவமனை நண்பர்களின் கூடுகையில் ஆற்றிய உரை)



ஜவ்வாது மலையில் விறகுக் கட்டையோ சாமைக் கட்டையோ தலையில் சுமந்து இறங்கிவரும் தாய்மாரைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாரம் கால்களுக்குப் போகுமுன் இடுப்பைக் கடந்தாக வேண்டும். அந்த இடுப்பைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

இடுப்பு ஒரே எலும்பு அல்ல, ஒரு வளையம். இரு பக்கமும் இடுப்பெலும்புகள். பின்னால், 5 முள்ளெலும்புகள் ஒன்றாகச் சேர்ந்து உண்டான சேக்ரம் என்னும் முக்கோண எலும்பு. அது இடுப்பெலும்புகளோடு சேருமிடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மூட்டுகள். மேடும் பள்ளமுமாக ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி, பலமான நார்களால் கட்டப்பட்டவை. முழங்காலைப்போல இவை மடங்குவதில்லை; சில டிகிரி அசைவதே அதிகம். முன்புறம், அடிவயிற்றுக்குக் கீழே, இரண்டு இடுப்பெலும்புகளும் ஒரு குருத்தெலும்பினால் இணைகின்றன. அங்கே இடைவெளி சாதாரணமாக 4 அல்லது 5 மில்லிமீட்டர். சேக்ரத்தின் நுனியில் வால் எலும்பு இருக்கிறது.

பாரம் தாங்கும் இந்த வளையமே குழந்தை வெளிவரும் வாசலுமாயிருக்கிறது. கர்ப்பகாலத்தில் ஹார்மோன்கள் அந்த நார்களைத் தளர்த்துகின்றன. முன்புற இடைவெளி 2, 3 மில்லிமீட்டர் கூடுகிறது. பிரசவத்தின்போது வால் எலும்பு பின்னால் நகர்ந்து இடம் கொடுக்கிறது.

இந்தத் தளர்ச்சி சில தாய்மாருக்கு வேதனையாகிறது. படுக்கையில் புரளவும், படி ஏறவும், ஒரு காலில் நிற்கவும் முடிவதில்லை. அபூர்வமாக, பிரசவத்தில் இடைவெளி 10 மில்லிமீட்டருக்கும் மேல் விலகி, ஓர் அடிகூட வைக்க முடியாமல் போகிறது. "நாங்களும் பெற்றவர்கள்தானே, எழுந்து நட" என்று வீட்டில் சொல்லுவார்கள். அவள் சோம்பேறி அல்ல. அவளுடைய மூட்டு விலகியிருக்கிறது. ஓய்வும், இடுப்பைச் சுற்றி இறுக்கும் பட்டையும், ஊன்றி நடக்க உதவியும், பயிற்சியும் கிடைத்தால் பெரும்பாலோர் அறுவை சிகிச்சை இல்லாமலே நடந்துவிடுகிறார்கள்.

ஆனால் வலிக்கும் இடம் எது? வெட்கத்தினால் அவள் "இடுப்பு வலி" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளுகிறாள். இங்கேதான் ஐடா ஸ்கடர் அம்மையாரை நினைக்கிறேன். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று வீட்டார் மறுத்ததால், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று தாய்மார் பிரசவத்தில் மரித்ததைக் கண்டவர் அவர். மருத்துவம் படித்துத் திரும்பி, இந்த மலைக்கு அருகிலுள்ள வேலூரில் 1902-ல் பெண்களுக்கு மருத்துவமனை திறந்தார். 1918-ல் பெண்களுக்காக மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். பெண்ணின் வலியைக் கேட்க ஒரு பெண் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இன்று மலைக்குச் சாலையும் 108 ஊர்தியும் உண்டு. ஆனாலும் தாழ்ந்த குரலில், "எங்கே அம்மா வலிக்கிறது? புரண்டு படுக்க முடிகிறதா?" என்று ஒரு செவிலியர் கேட்டால்தான் அந்த வலி வெளியே வரும். உங்கள் வீட்டிலும் பிள்ளை பெற்ற மகளோ மருமகளோ நடக்கத் தயங்கினால், அவளை அதட்டாதீர்கள். குடத்தை நீங்கள் வாங்கிக்கொண்டு, முதலாவது அவளிடம் கேளுங்கள்.