ஒரு நூலும் அதனைக் கற்றாரும்

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கட்சிச் சார்புடைய நூல்களை நம் சங்கத்து வாசகசாலையில் வைத்தல் தகுமோ, தகாதோ என்னும் வினா நம்மவரிடையே சில திங்களாக நிகழ்ந்து வருதலை யாவரும் அறிவீர்கள். பழமையைப் பழிக்கும் நூல் இம்மனையுட் புகுதல் ஆகாதென்பர் முதியோருட் சிலர். பழமையைப் போற்றும் நூல் அடுப்பெரிக்கவே பயன்படுமென்பர் இளையோருட் சிலர். இவ்விரு திறத்தாரும் ஒன்றில் மட்டும் ஒத்திருக்கின்றனர். தாம் வெறுக்கும் நூலை இருவரும் படித்திலர். இதுபற்றிச் சில கூறுமாறு காரியதரிசியார் எம்மைப் பணித்தனர். நம் நாட்டுக் கட்சிகளுள் ஒன்றனை எடுத்துக்கொண்டு பேசப் புகுவோமாயின், பேச்சு முடியுமுன் அவை இரண்டுபட்டுவிடும். ஆகலின், இருநூறாண்டுகட்கு முற்பட்டதும், ஆங்கில நாட்டை இரண்டாகப் பிளந்ததுமாகிய ஒரு நூலின் வரலாற்றை எடுத்துக்கொண்டோம். அதனை எழுதினார் எட்மண்டு பர்க் என்பார். நூலின் பொருள் பிரெஞ்சு நாட்டுப் புரட்சி. வெளிவந்தது 1790-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள்.

பர்க் என்பார் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். டப்ளின் நகரிற் பிறந்து, ஆங்கிலப் பார்லிமெண்டில் விக் கட்சியின் பெருநாவலராய் விளங்கியவர் அவர். அமெரிக்கக் குடியேற்ற நாட்டாரோடு இணங்கிப் போதல் வேண்டுமென்று 1775-இல் வாதாடினார். 1785-ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஆர்க்காட்டு நவாபின் கடன்களைக் குறித்து அவர் நிகழ்த்திய சொற்பொழிவு நம் கருநாடகச் சீமையின் துயரத்தைப் பற்றியதேயாம். ஹைதர் அலியின் படையெடுப்பால் அச்சீமை பாழ்பட்டமையை அவர் அதனுள் விரித்துரைத்தார். நம் முன்னோர் கட்டிய ஏரிகளையும் குளங்களையும் உண்மை அரசர்தம் நினைவுச் சின்னங்கள் எனப் போற்றினார். வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது 1788 முதல் 1795 வரை நடைபெற்ற பெருவழக்கை முன்னின்று நடத்தினாரும் அவரே. இவ்வாறு எளியார்க்காக வாதாடிய ஒருவர் பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து எழுதுவாரென ஒருவரும் எதிர்பார்த்திலர். நூல் எழுப்பிய ஆரவாரத்திற்கு இவ்வியப்பும் ஒரு காரணமாகும்.

நூல் எழுந்த ஏதுவைச் சிறிது கூறுவோம். 1789-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள், ரிச்சர்டு பிரைஸ் என்னும் சமயப் போதகர் இலண்டனில் ஒரு பிரசங்கம் செய்தார். 1688-இல் ஆங்கிலேயர் செய்த புரட்சியைக் கொண்டாடுங் கூட்டம் அது. அதன்கண் அவர் பிரெஞ்சு நாட்டு நிகழ்ச்சிகளையும் மகிழ்ந்து வரவேற்றார். அது கண்டு வெகுண்ட பர்க், பாரிஸ் நகரத்து இளைஞர் ஒருவர்க்கு எழுதும் கடிதமென்னும் வடிவில் தம் நூலை இயற்றினார். ஒரு நாட்டின் அரசியல் என்பது இன்று வாழ்வார் மட்டும் தம் மனம்போல் மாற்றற்குரிய ஒப்பந்தமன்று. மறைந்தாரும் இனிப் பிறப்பாரும் அதிற் பங்குடையர். நெடுங்காலப் பழக்கத்தால் விளைந்தவற்றை ஒரே நாளில் தகர்ப்பின், வன்முறை தலையெடுக்கும். ஈற்றில் படைத்தலைவன் ஒருவன் ஆட்சியைக் கைப்பற்றுவன் என்பன அந்நூலின் சாரம்.

ஐந்து ஷில்லிங் விலையுள்ள அப்புத்தகம், ஓராண்டிற்குள் ஏறத்தாழ 19,000 படிகள் விற்றதென்ப. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அதனைப் பெரிதும் புகழ்ந்து, கண்ணியமுடையார் யாவரும் படிக்கத்தக்கதெனக் கூறினர். நெடுநாளாகப் பர்க்கைப் பகைத்தோர் இப்போது அவரைக் கொண்டாடினர். நெடுநாளாக அவரைக் கொண்டாடியோர் முகம் சுளித்தனர். நூலை வாழ்த்தினாருள்ளும் இகழ்ந்தாருள்ளும் அதனை முற்றக் கற்றார் எத்துணையரோ யாம் அறியோம். ஆயின், உண்மையாகவே கற்றார் சிலருளர். அவர்தம் செய்கைகளே நம் ஆராய்ச்சிக்கு உரியன.

முதலாமவர் பிலிப் பிரான்சிஸ். இவர் கல்கத்தா ஆட்சிக் குழுவில் இருந்தவர். ஹேஸ்டிங்ஸ் வழக்கில் பர்க்கின் வலக்கை போன்றவர். நூல் அச்சிலிருக்கும்போதே அதன் பகுதிகளைப் படித்து, பிரெஞ்சு அரசியைப் புகழும் இடம் மிகையான அலங்காரமென்று நண்பர்க்கே நேரில் எழுதிவிட்டார். பர்க் அவ்விடத்தை மாற்றினாரல்லர். எனினும் பிரான்சிஸ் தம் கடமையைச் செய்தார். புறத்தே புகழ்ந்து அகத்தே நகைக்கும் நண்பரினும், அச்சேறுமுன் குறை கூறும் நண்பர் பல்லாற்றானும் உயர்ந்தவரன்றோ? இனி, எவரை விளித்து அக்கடிதம் எழுதப்பெற்றதோ, அப்பாரிஸ் நகரத்து இளைஞராகிய தெப்போன் என்பாரும் 1791-இல் மறுப்புரை ஒன்று வெளியிட்டார். கடிதம் பெற்றவரே அதற்கு உடன்பட்டிலர்.

இரண்டாமவர் மேரி உல்ஸ்டன்கிராப்ட் அம்மையார். சிறு பள்ளிக்கூடம் ஒன்று நடத்திப் பின் எழுத்தாற் பிழைத்தவர். அப்போது அவர்க்கு வயது 31. நூல் வெளிவந்து ஒரு திங்களுக்குள் அவரது மறுப்பு அச்சாகி வெளிவந்தது. முதற் பதிப்பில் ஆசிரியர் பெயர் இல்லை; இரண்டாம் பதிப்பில் அம்மையார் தம் பெயரைப் பொறித்தனர். அரசியின் துன்பத்திற்குக் கண்ணீர் சொரியும் பர்க், வறியார் படுந் துன்பத்தைக் காணாதது ஏனென்று அவர் வினவினர். நெடுங்காலம் நிலைத்தது என்பது ஒன்றே ஒரு வழக்கத்திற்குப் போதிய நியாயமாயின், அடிமை வாணிகமும் என்றென்றும் நிலைத்தற்குரியதாகுமே என்பது அவர்தம் வாதம். தாய்மார்களே! இவ்வம்மையாரே 1792-இல் பெண்டிர் உரிமையைப் பற்றித் தனி நூலொன்றும் இயற்றினர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

மூன்றாமவர் தாமஸ் பெயின். பெண்டிர் கச்சுத் தைக்குந் தொழிலாளியின் மகன். அவரது மறுப்பின் முதற்பாகம் 1791 மார்ச்சிலும், இரண்டாம் பாகம் 1792 பிப்ரவரியிலும் வெளிவந்தன. ஒரு தலைமுறை பின்வருந் தலைமுறைகளைக் கட்டுப்படுத்தற்கு உரிமையுடையதன்று என்பது அவர் கொள்கை. இரண்டாம் பாகத்தில், 50 அகவை கடந்த வறியார்க்கு ஆண்டுக்கு 6 பவுனும், 60 அகவை கடந்தார்க்கு 10 பவுனும் அரசாங்கம் அளித்தல் வேண்டுமெனவும், எளியார் பிள்ளைகளின் கல்விக்குப் பொருளுதவி வேண்டுமெனவும் கணக்கிட்டுக் காட்டினார். மறுப்பு நூலென்பது வெறும் வசைநூலாகாமல் ஆக்கநூலாகவும் ஆதல் கூடும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

மற்றொரு சாராரும் உளர். பர்க் தம் நூலில் ஓரிடத்தே பொதுமக்கட் கூட்டத்தைப் பன்றிக் கூட்டமாக உருவகித்துவிட்டார். அவர் எல்லா மக்களையுங் கருதினாரோ, ஒரு சாராரை மட்டுங் கருதினாரோ, சொல் நெஞ்சில் தைத்துவிட்டது. அவமதிக்கப்பட்டார் என் செய்தனர்? 1793-இல் தாமஸ் ஸ்பென்ஸ் என்பார் தாம் தொடங்கிய மலிவுப் பத்திரிகைக்குப் பன்றியின் இரை எனப் பொருள்படும் பெயரிட்டனர். டானியல் ஐசக் ஈட்டன் என்பாரும் அவ்வாறே பன்றிக்கழுநீர் எனப் பொருள்படும் பெயரால் ஒரு பத்திரிகை நடத்தினர். இகழ்ச்சிச் சொல்லைத் தலைப்பாகச் சூடிக்கொண்டு, அதன்கீழ் நல்லறிஞர் நூற்பகுதிகளை எளியார்க்கு எடுத்து வழங்கினர். நம் குலத்தாரும் பிறர் வாயாற் சுடுசொற் கேட்டவரே. சுடுசொல்லுக்குச் சுடுசொல் மாற்றன்று, கல்வியே மாற்று என்பதை அவ்வெளியார் நமக்குக் காட்டுகின்றனர்.

இனி, கற்றலைத் தடுக்க முயன்றார் செய்தியைக் கேளுங்கள். அரசாங்கத்தார் பெயின் மீது இராஜ நிந்தனை வழக்குத் தொடுத்தனர். 1792 டிசம்பர் 18-ஆம் நாள் விசாரணை நடந்தபோது அவர் பிரான்சில் இருந்தார். முதற்பாகம் கற்றறிந்தார் கையிலேயே தங்குமென்று தாம் வாளாவிருந்ததாகவும், இரண்டாம் பாகம் சிறுவர் தின்பண்டம் பொதியுந் தாளாகவும் எங்கும் பரவியமையால் வழக்குத் தொடுத்ததாகவும் அரசாங்க வழக்கறிஞர் கூறினர். இதன் கருத்தென்ன? செல்வர் படிப்பின் அது நூல்; எளியார் படிப்பின் அது குற்றம். எர்ஸ்கின் என்னும் வழக்கறிஞர் பெயினுக்காக வாதாடி, அதன் பயனாக வேல்ஸ் இளவரசரிடம் தாம் வகித்த பதவியை இழந்தார். நூலும் குற்றமுடையதெனத் தீர்ப்பாயிற்று. ஊர்தோறும் பெயினின் உருவப்பொம்மைகள் எரிக்கப்பட்டன. பொம்மை எரிந்ததன்றிக் கருத்து எரிந்திலது.

இவை யாவற்றினும் எம் நெஞ்சை வருத்துவது ஒரு நட்பின் முறிவாகும். சார்லஸ் ஜேம்ஸ் பாக்ஸ் என்பாரும் பர்க்கும் ஏறத்தாழ இருபத்தைந்தாண்டு நண்பர், ஒரே கட்சியினர். 1791 மே 6-ஆம் நாள், பார்லிமெண்டின் நடுவே, புரட்சியைப் பற்றிய கருத்து வேற்றுமையால் தம் நட்பு முடிவுற்றதெனப் பர்க் அறிவித்தார். பாக்ஸ் எழுந்து பேச முயன்று கண்ணீர் சொரிந்தார். 1797-இல் பர்க் மரணப் படுக்கையிற் கிடந்தபோது பாக்ஸ் காண விழைந்தார், பர்க் இசைந்திலர். அவ்வாண்டு ஜூலை 9-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். புத்தகம் இன்றும் உளது, அந்நட்பு மீண்டிலது. ஒரு கொள்கைக்காக நட்பை இழத்தல் சிலபோது கடமையாதலுங் கூடும். ஆயினும், இறப்பவர் கட்டிலின் அருகே நிற்கவும் இடங்கொடாத கொள்கை, கொள்கையின் எல்லையைக் கடந்ததென்றே யாம் கருதுகின்றோம்.

இதற்கு மாறாக மற்றொருவர் வரலாறும் உண்டு. ஜேம்ஸ் மாக்கின்டாஷ் என்னும் இளைஞர், தம் 25-ஆம் அகவையில், 1791-ஆம் ஆண்டிலேயே பர்க்கை மறுத்து அரியதொரு நூல் எழுதினார். பின்னர்ப் புரட்சியின் கொடுமைகளைக் கண்டு கருத்து மாறி, பர்க்கிற்கு அதனைத் தெரிவித்தார். தம்மை மறுத்த அவ்விளைஞரைப் பர்க் தம் இல்லத்தில் வரவேற்று விருந்தளித்தார். அம்மாக்கின்டாஷே 1804 முதல் 1811 வரை பம்பாயில் நீதிபதியாயிருந்து, ஆங்கு ஓர் இலக்கியச் சங்கமும் நிறுவினார்.

யார் கூற்று மெய்யாயிற்று என்பீராயின், கூறுதும். 1793-இல் அரசனும் அரசியும் கொலையுண்டனர். பின் பயங்கர ஆட்சி நிகழ்ந்தது. 1799-இல் நெப்போலியன் என்னும் படைத்தலைவன் ஆட்சியைக் கைப்பற்றினான். அரசனைக் கொல்லலாகாதென்று வாதாடிய பெயினையே புரட்சியாளர் 1793 டிசம்பரிற் சிறையிலிட்டனர். இவற்றாற் பர்க்கின் முன்னறிவு விளங்குகின்றது. ஆயினும், முதியோர்க்கு உதவிப்பணமும் ஏழைச் சிறார்க்குக் கல்வியும் இன்று பல நாடுகளில் அரசின் கடமையாயிருத்தலின், பெயின் கருத்தும் பொய்த்திலது. அடிமை வாணிகமும் 1807-இல் பிரிட்டிஷாரால் விலக்கப்பட்டமையின், அம்மையார் கேட்ட வினாவும் வீண்போகவில்லை. ஆகவே, ஒருவர் நூலை மட்டும் கற்றவன் பாதியே கற்றவனாவான்.

இஃது அயலார் நெறியென்று எண்ணற்க. சிவஞான சித்தியாரில் பரபக்கம் முன்னும், சுபக்கம் பின்னும் நிற்கின்றன. பிறர் மதத்தை எடுத்தோதிய பின்னரன்றித் தம் மதத்தை ஆசிரியர் நிறுவினாரல்லர். குண்டலகேசி என்னும் பௌத்த காவியத்தில் சில பாடல்களே எஞ்சின. அதன் கொள்கையை நாம் ஓரளவு அறிவது, அதனை மறுத்தெழுந்த நீலகேசியாலும் அதன் உரையாலுமேயாம். மாற்றார் நூலைப் பேணிய பெருமை மறுத்தார்க்கும் உரியதாயிற்று.

நாம் பிறப்பால் ஒன்றுகூடிய சங்கத்தினர். ஆதலின் பர்க்கின் கூற்று நம் செவிக்கு இனிதாயிருக்கும். முன்னோர் வைத்த அறக்கட்டளையையும், வறிய மாணவர்க்கு நாம் அளிக்கும் உபகாரச் சம்பளத்தையும் நாம் போற்றுதல் மறைந்தாரோடு நமக்குள்ள தொடர்பாலன்றோ? ஆயின், அப்பழமையின் பெயரால் நம் பெண்மக்களைப் படிப்பினின்று நிறுத்துதலும், மணத்தில் பெண்வீட்டாரைக் கடனாளியாக்குதலும், பிற குலத்தாரை நம் வாயிலில் நிறுத்திப் பேசுதலும் நியாயமாகுமோ? அம்மையார் கேட்ட வினா ஈண்டும் நம் வாயிலில் வந்து நிற்கின்றது. அதற்கு விடை கூறாமல் கதவடைத்தல் எளிது, எளிதாயினும் ஆண்மையன்று.

ஆகலின், இவ்வவையினர் முன் மூன்று வேண்டுகோளை வைக்கின்றோம். ஒன்று: வாசகசாலையில் ஒரு கட்சி நூல் வைப்பின், அதன் மறுப்பு நூலும் அருகே வைக்கப்படுக. இரண்டு: ஒரு நூலை நீக்குக என விண்ணப்பிப்பவர், அதனை முற்றப் படித்து, அதன் கருத்தை அதன் ஆசிரியரே ஒப்புமாறு எழுதிக் கொடுத்த பின்னரே பேசுக. மூன்று: நூல் காரணமாக எவரும் உறவினர் வீட்டுத் திருமணத்திற்கும் துக்கத்திற்கும் செல்லாதிருத்தல் கூடாது. இம்மூன்றாவது விதியைச் சட்டப் புத்தகத்தில் எழுதவியலாது. நம் நெஞ்சில்தான் எழுதவேண்டும்.

 வாழ்க நம் சங்கம்! வளர்க கல்வி!